திருமலையில் (திருகோணமலை) பேஸ் கிட்டாரில் ஸ்லாப் அடிக்கிறவர்கள், அதாவது கம்பியைப் பெருவிரலால் அடித்தும் விரலால் சுண்டியும் வாசிக்கிறவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புவெளி:
நிலாவெளியில் ஒரு ஹோட்டல் நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து வந்த பாண்டில் வயதான பேஸ்காரர் ஒருவர் இருந்தார். சவுண்ட் செக்கில் நான் ஸ்லாப் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேசாமல் வந்து என் கேபிளைக் கழற்றினார். "தம்பி, இப்ப அடிங்க பாப்பம்" என்றார். ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) இல்லாமல் அடித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், பெருவிரல் கம்பியிலேயே தங்குகிறதா, பட்டவுடன் விலகுகிறதா என்பது காதுக்கே தெரியும். கடைசி ஃபிரெட்டின் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே, பெருவிரல் மூட்டு எலும்பின் பக்கவாட்டால், கதவுப் பிடியைத் திருகுவது போல மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கச் சொன்னார். முழங்கையிலிருந்து வீசினால் இரண்டு பாட்டுக்குள் கை களைத்துவிடும்.

அதைவிட முக்கியம் இடது கை. சும்மா இருக்கும் விரல்களைக் கம்பிகள் மேல் லேசாகப் படுக்கப்போட வேண்டும், இல்லாவிட்டால் ஈ கம்பியை (எல்லாவற்றிலும் தடித்தது) அடிக்கும்போது பக்கத்துக் கம்பிகளும் சேர்ந்து முனகும். குழம்பின சத்தம் என்று நாம் ஆம்பைத் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். ஆம்பில் மிட்டை (நடுத்தர ஒலியை) முழுக்க வெட்டுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அறையில் தனியாக வாசிக்கச் சோக்காக இருக்கும், கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸைத் தேட வேண்டியதுதான். ஜாஸ் பேஸ் என்ற வகைக் கிட்டார் என்றால் இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) முழுதாகத் திறந்தாலே மிட் கொஞ்சம் இறங்கிவிடும், அதற்கு மேல் கை வைக்க அவசியமில்லை என்றார்.

திருக்கடலூர்:
அண்ணா, கை சரி, கம்பியை விட்டுவிட்டீர்களே. ஸ்லாப்பின் பளிச் சத்தம் புதுக் கம்பியில்தான் இருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றுக்கும் கை வியர்வைக்கும் அது சீக்கிரம் செத்துவிடுகிறது. நான் நிக்கல் பூசியதை விட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறினேன், சத்தமும் கூர்மை, துருவும் குறைவு. ஃபிரெட்டை வேகமாகத் தேய்க்கும் என்கிறார்கள், தேயட்டும். வாசித்து முடிந்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துணியால் துடைத்துப் பையில் வையுங்கள். கம்பி விலைக்கு இது பெரிய வேலையில்லை.

உவர்மலை:
எங்கள் சர்ச் குழுவில் டிரம்ஸ் அடிக்கிற தம்பி பாதி ஞாயிறுகளில் வேலை என்று வரமாட்டான். அந்த நாட்களில்தான் என் ஸ்லாப் திருந்தியது! அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் இந்த முறையைக் கண்டுபிடித்ததே 1960களில் அம்மாவின் குழுவில் டிரம்மர் இல்லாமல் போனபோதுதான். பாஸ் டிரம்முக்குப் பதில் பெருவிரல் அடி, ஸ்னேருக்குப் பதில் சுண்டி இழுப்பு. அப்படி நினைத்து வாசித்தால் தாளம் தானாக நிற்கும். ஈ கம்பி 3ஆவது ஃபிரெட்டில் அடி, டி கம்பி 5ஆவது ஃபிரெட்டில் சுண்டு, மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60இல், நடுவில் சுரம் வராத வெற்றடிகள். பைலாப் பாட்டின் 6/8 தாளத்துக்கு இது இன்னும் சுவையாகப் பொருந்தும், கலியாண வீட்டில் வாசிக்கிறவர்கள் முயன்று பாருங்கள்.

திருக்கடலூர்:
எனக்குச் சுண்டுவது மட்டும் அடியைவிடச் சத்தமாகக் கேட்கிறது. கம்பிரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்தும் கருவி) வாங்கலாமா?

உப்புவெளி:
பிறகு வாங்கலாம் மச்சான். விரலைக் கம்பிக்கு அடியில் எவ்வளவு ஆழமாக விடுகிறீர்கள்? நுனிச் சதை மட்டும் போதும், முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள்.