ப்ரீகோடிங் நெட்வொர்க்: லாஸ் 0.0156-ல் நின்றுவிட்டது

பர்கூர்_ஈசிஇ:
வணக்கம். எம்இ ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பேஸ் ஸ்டேஷனில் 8 ஆன்டெனா, ஆளுக்கு ஒரு ஆன்டெனாவோடு 4 பயனர்கள். ரேலி சேனல்களை (சிக்னல் பல பாதைகளில் சிதறி வரும் ரேண்டம் மாதிரி) உருவாக்கி, சம் ரேட்டைப் படிப்படியாக உயர்த்தும் டபிள்யூஎம்எம்எஸ்இ அல்காரிதம் தரும் ப்ரீகோடரையே (எந்த ஆன்டெனா எந்தப் பயனருக்கு எவ்வளவு, எந்த ஃபேஸில் அனுப்ப வேண்டும் என்ற எண்கள்) சரியான விடையாகக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்குகிறேன். மொத்த பவர் 1. மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று பிரித்தால் 64 எண்கள் வெளியே வர வேண்டும். மீன் ஸ்கொயர் எரர் 0.0156-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. லேயர் கூட்டியும் அசையவில்லை. சம் ரேட் (எல்லாப் பயனர்களின் டேட்டா வேகங்களின் கூட்டுத்தொகை), குறுக்கீட்டை முழுதாகப் பூஜ்யமாக்கும் ஜீரோ ஃபோர்சிங் முறையை விடக் கீழே. டேட்டாவை அதிகமாக்கு என்கிறார்கள், ஆனால் என் லேப்டாப்பில் ஜிபியு கிடையாது. வேறு வழி உண்டா?

ஓசூர்_பேஸ்பேண்ட்:
லேர்னிங் ரேட்டைக் குறைத்துப் பாருங்கள். கடைசி லேயருக்குப் பிறகு பவரை நார்மலைஸ் செய்கிறீர்களா?

பாலக்கோடு_ஆர்எஃப்:
தம்பி, 1-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.0156 தான் வரும். அதாவது உங்கள் நெட்வொர்க் எல்லா எண்ணுக்கும் பூஜ்யத்தையே விடையாகச் சொல்கிறது. டேட்டா எவ்வளவு கொட்டினாலும் இது மாறாது.

காரணம் ஃபேஸ். ஒரு பயனருக்கான பீம் வெக்டரை (ப்ரீகோடரில் அவருக்குரிய 8 கலப்பெண்கள்) எந்தக் கோணத்துக்குச் சுழற்றினாலும் அவருக்குப் போய்ச் சேரும் பவர் அதேதான், மற்றவர்களுக்குப் போகும் குறுக்கீடும் அதேதான். ஆக, சரியான விடை ஒன்றல்ல, எண்ணிலடங்காதவை. டபிள்யூஎம்எம்எஸ்இ-யை ரேண்டமாகத் தொடங்கினால், தொடக்கத்தில் இருந்த ஃபேஸ் கடைசிவரை அப்படியே தங்கிவிடும். ஒரே மாதிரியான சேனலுக்கு நீங்கள் காட்டும் விடைகள் நாலா திசையிலும் சிதறியிருக்கும். மீன் ஸ்கொயர் எரர் சராசரியைத்தான் தேடும், இந்தச் சராசரி பூஜ்யம். நார்மலைஸ் செய்வதற்கு முன் வெளியீட்டின் அளவை அச்சிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எனவே விடைகளைக் காட்டுவதையே விட்டுவிடுங்கள். சம் ரேட்டைக் கணக்கிட்டு, அதன் மைனஸையே லாஸாக வையுங்கள். ஃபேஸ் பிரச்சினையே எழாது. டபிள்யூஎம்எம்எஸ்இ-யை ஒப்பிட மட்டும் ஓட்டினால் போதும்.

அப்புறம், 64 எண்களை ஏன் கேட்கிறீர்கள்? பியோர்ன்சன், பெங்ட்சன், ஓட்டர்ஸ்டென் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 2014-ல் தெளிவாக எழுதியது இது: சிறந்த பீம்களின் வடிவம் முன்கூட்டியே தெரியும். பயனருக்கு ஒரு லாம்டா (அவருக்குக் குறுக்கீடு போகாமல் காப்பதற்குத் தரும் முக்கியத்துவம்), ஒரு பவர், அவ்வளவுதான் தெரியாதவை. உங்களுக்கு மொத்தம் 8 எண்கள். லாம்டாக்களின் கூட்டுத்தொகை மொத்த பவருக்குச் சமம், பவர்களின் கூட்டுத்தொகையும் அப்படியே. லாம்டாக்களுக்கு ஒன்று, பவர்களுக்கு ஒன்று என்று சாஃப்ட்மேக்ஸ் (கூட்டுத்தொகையை நிலையாக வைக்கும் ஃபங்ஷன்) போடுங்கள். மிச்சம் ஒரு மேட்ரிக்ஸ் இன்வர்ஸ், அதைச் சூத்திரமே செய்துவிடும். தெரிந்த கணிதத்தை நெட்வொர்க்கை விட்டு மறுபடி கண்டுபிடிக்கச் சொல்வது வீண் என்பது என் உறுதியான கருத்து. இந்த அளவு நெட்வொர்க்குக்கு உங்கள் லேப்டாப்பே தாங்கும்.

பர்கூர்_ஈசிஇ:
ரேண்டமாகத்தான் தொடங்கினேன் அண்ணா. வெளியீடு ஏறக்குறைய பூஜ்யம்தான்! மாற்றி எழுதியதும் ஜீரோ ஃபோர்சிங்கைத் தாண்டிவிட்டது. ஆனால் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) அதிகமான இடத்தில் வித்தியாசமே தெரியவில்லையே?

பாலக்கோடு_ஆர்எஃப்:
அங்கே தெரியாது. 4 பேருக்கு 8 ஆன்டெனா, அதுவும் ரேலி சேனல் என்றால், எஸ்என்ஆர் ஏற ஏற ஜீரோ ஃபோர்சிங்கே உச்சத்தை நெருங்கிவிடும். கஷ்டமான சேனலைக் கொடுங்கள். நம் தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்து மேட்டில் ஒரு டவர், கீழே சாலையில் வரிசையாக ஊர்ந்துபோகும் லாரிகள். டவரிலிருந்து பார்த்தால் பலரும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருப்பார்கள், சேனல்களும் ஒன்றுபோலாகும். அவர்களைப் பிரிக்க ஜீரோ ஃபோர்சிங் பவரையெல்லாம் கரைத்துவிடும். லாம்டாவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதன் பலன் அங்கேதான். கோணங்கள் நெருங்கிய சேனல்களையும் கலந்து பழக்குங்கள். நேரம் இருந்தால் என்விடியாவின் வயர்லெஸ் சிமுலேஷன் லைப்ரரியான சியோனாவில் ரே ட்ரேசிங் (சிக்னல் போகும் பாதைகளைக் கணக்கிடுவது) செய்து பாருங்கள், அது ஓப்பன் சோர்ஸ்.

பயனர்களின் வரிசையை மாற்றினால் விடையும் அதே வரிசையில் மாற வேண்டும். 4 பேருக்கு 24 வரிசைகள், சாதாரண நெட்வொர்க் ஒவ்வொன்றையும் தனியாகக் கற்கும். எல்லாப் பயனருக்கும் ஒரே வெயிட்களைப் பகிரும் கிராஃப் நெட்வொர்க் அந்தச் சுமையை இறக்கிவிடும்.

பர்கூர்_ஈசிஇ:
எஸ்என்ஆரையும் உள்ளீடாகக் கொடுக்கணுமா?

பாலக்கோடு_ஆர்எஃப்:
கண்டிப்பாக. இரைச்சல் மாறினால் லாம்டாவும் மாறும். டெசிபலில் கொடுங்கள், ட்ரெய்னிங்கில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாற்றுங்கள்.