பீனால்-நீர் கலவை: 66-க்குப் பதில் 71 டிகிரி

எம்.எஸ்சி. வேதியியல் செய்முறை, திருச்சி. பீனால்-நீர் கலவையின் மாறுநிலைக் கரைசல் வெப்பநிலை, அதாவது எந்த விகிதத்திலும் இரண்டும் முழுதாகக் கலந்துவிடத் தொடங்கும் வெப்பநிலை, 66 டிகிரி செல்சியஸை ஒட்டி வர வேண்டும். எனக்குப் போன வாரத்திலிருந்து 71-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. பீனால் சதவீதத்துக்கு எதிரே கலங்கல் மறையும் வெப்பநிலையைக் குறித்து வரைந்த வளைவின் வடிவம் சரிதான், உச்சியும் எடையளவில் 35 சதவீத பீனால் பக்கமே விழுகிறது. முழு வளைவும் அப்படியே மேலே ஏறி நிற்கிறது.

உப்பு கலந்தால் இந்த வெப்பநிலை ஏறும் என்பதால், நீரில் குளோரைடு உப்பு இருக்கிறதா என்று வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தேன், கலங்கவில்லை. வெப்பமானியைக் கொதிநீரில் சரிபார்த்தாயிற்று. சூடேறும்போது கலங்கல் மறைவதும் ஆறும்போது திரும்புவதும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. பீனால் மட்டும் பழைய பாட்டில், இளஞ்சிவப்பு நிறம். புதியது கேட்டால் அடுத்த நிதியாண்டு என்கிறார்கள், அதுவரை நான் இங்கே இருக்க மாட்டேன்.

இந்தப் பீனாலைக் காய்ச்சி வடித்தால் வளைவு இறங்குமா, இல்லை கோளாறு வேறெங்காவதா?