யூவியைற்றிஸ், ஸ்டெரொயிட்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:
மூட்டுவாதமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவர்களுக்குக் கண்ணின் நடு அடுக்கான யூவியாவில் வரக்கூடிய அழற்சிதான் யூவியைற்றிஸ். அதற்குக் 'கருவிழிப்படல அழற்சி' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் கருவிழி என்றால் பலர் கண்ணின் முன்புறத்தில் ஒளி புகும் கோர்னியாவை நினைப்பார்கள். நோயோ அதற்கும் உள்ளே. அந்த அழற்சியைத் தணிக்கும் மருந்தான ஸ்டெரொயிட்டுக்கு என்ன சொல்வது?

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:
யூவியாவின் மூலம் இலத்தீன் முந்திரிகை. தோலுரித்த கரிய முந்திரிகை போன்றிருப்பதால் வந்த பெயர். கண்ணின் நிறவளையமான கதிராளி (ஐரிஸ்), அதன் பின்னுள்ள பிசிருடல், அதற்கும் பின்னுள்ள தோலுரு மூன்றும் சேர்ந்ததை 'முந்திரிகைப்படை' என்போம். ஸ்டெரொயிட்டின் முற்பகுதி கிரேக்கத்தில் திண்மம். பித்தக்கல்லில் கண்டெடுத்த கொலஸ்திரோல் வழியாக வந்தது. பிற்பகுதி 'ஒத்தது'. ஆகவே 'திண்மப்போலி'. போலி என்றதும் கள்ளச்சரக்கை நினைக்க வேண்டாம். அறம் அறன் ஆவதும் இலக்கணத்தில் போலிதான். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நாம் இரண்டு சொல்லுக்கு அஞ்சுவதா?

கண் மருத்துவர்:
கிறீன் மாணவருக்கு எழுதினார். இதை வாசிக்கப்போவது துளிமருந்துப் புட்டியைக் கையில் வைத்திருக்கும் தாய். 'மருந்துப்போலி' ஏற்கெனவே மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு (பிளசீபோ) வழங்குகிறது. 'ஊக்கமருந்து' விளையாட்டுப் பக்கச் செய்தி. கிளினிக் கொப்பியில் உள்ள ஸ்டெரொயிட்டே இருக்கட்டும்.

என் கவலை 'அழற்சி' பற்றியது. இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கண் சிவப்பதில்லை, நோவதில்லை. கண் மருத்துவர் கண்ணைப் பெருப்பித்துப் பார்க்கும் பிளவு விளக்கில் பார்த்தால்தான் தெரியும். "எரிவே இல்லையே, எங்கே அழற்சி?" என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சட்டென நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பும். கேளாமல் நீட்டினால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம்; மாத்திரையானால் வளர்த்தியும் குன்றலாம். அதனால்தான் சிலருக்கு அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான மெதொட்ரெக்ஸேற் சேர்த்து ஸ்டெரொயிட்டைக் குறைக்கிறோம். 'படிப்படியாகக் குறைத்தல்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தமிழாசிரியர்:
முயல், முயற்சி, பயில், பயிற்சி, அழல், அழற்சி. இத்தனை ஒழுங்காய்ப் பிறந்த சொல்லை விடக் கூடாது.

உயிரியல் ஆசிரியை, சாவகச்சேரி:
அழற்சி இருக்கட்டும். 'படை' வேண்டாம், வகுப்பில் சொன்னால் தோலில் வரும் படையா என்று கேட்கிறார்கள். 'நடுப்படலம்' நல்லது.

கண் மருத்துவர்:
படலம் என்றால் கண்ணில் வெள்ளை விழுந்தது என்று நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
'கண் நடுப்படல அழற்சி' என்று அனுப்புகிறேன். அடுத்த வரியிலேயே "கண் சிவக்காமலும் இருக்கலாம்". ஸ்டெரொயிட் அப்படியே.

தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும். 'நடு' இடத்தைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. முந்திரிகைப்படையை நான் மீளப்பெறவில்லை.