வேலை போனபின் பி.எஃப். பணம்: எடுப்பதா, புதிய வேலைக்கு மாற்றுவதா?

நீலவானம்:
மூன்று ஆண்டு எட்டு மாதம் வேலை பார்த்தேன். வேலை போய் ஓராண்டுக்கு மேலாகிறது. பி.எஃப். கணக்கில் 2,10,000 ரூபாய் இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கி 1,40,000. அடுத்த மாதம் புதிய வேலையில் சேரப்போகிறேன். அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

பழைய ஊழியன்:
எடுக்காதீர்கள் தம்பி. மூன்று கம்பெனி மாறினேன், மூன்று முறையும் எடுத்துச் செலவழித்தேன். இன்று எனக்கு 52 வயது. பாஸ்புக்கைத் திறந்தால் கடைசி வேலையின் ஒன்பது ஆண்டுச் சேமிப்பு மட்டுமே நிற்கிறது. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் பணமாக வாங்கியதால் என் பழைய ஆண்டுகள் கணக்கிலேயே இல்லை. 2024-25இல் வட்டி 8.25 சதவீதம், அது நீடித்தால் உங்கள் பணம் 25 ஆண்டில் 15 லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டு நிறையாமல் எடுத்தால் வருமான வரி வேறு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

கணக்கு நோட்டு:
ஐயா, கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதம் என்றாலும் 4,200 ரூபாய். பி.எஃப். ஓராண்டு முழுக்கத் தரும் வட்டியே 17,000 சொச்சம்தான். நான்கு மாதத்தில் கடன் அதைத் தின்றுவிடும். வரியும் பெரிய தடையில்லை. வருமானமே இல்லாத நிதியாண்டில் எடுத்தால் வரம்புக்குள் அடங்கிவிடும். வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்.

பழைய ஊழியன்:
குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் வாங்கிக் கார்டை அடைக்கலாமே?

கணக்கு நோட்டு:
ஓராண்டாகச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு எந்த வங்கி கொடுக்கும்?

நீலவானம்:
ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நானாக விலகவில்லை, நிறுவனமே மூடப்பட்டது. வெளியேறிய தேதியைப் பதிவுசெய்யக்கூட ஆளில்லை. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், பி.எஃப். பதிவில் முன்னால்.

கணக்கு நோட்டு:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! முதலாளி தொழிலை மூடியதால் வேலை போயிருந்தால் ஐந்தாண்டு நிறையாவிட்டாலும் வரி விலக்கு உண்டு. அதற்கான கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கடந்துவிட்டால் வெளியேறிய தேதியை நீங்களே இணையத்தில் பதியலாம். ஆதாரோடு இணைத்த செல்பேசிக்கு ஓடிபி வரும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பிவரும். ஆகவே தலைப்பெழுத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

பழைய ஊழியன்:
சரி, கடனுக்காக பி.எஃப். பணம் எடுக்கும் படிவம் 19 கொடுங்கள், இனி தடுக்கவில்லை. 10சியில் மட்டும் பணம் கேட்காதீர்கள். திட்டச் சான்றிதழ் கேளுங்கள். புதிய கம்பெனியில் அதைக் கொடுத்தால் மூன்று ஆண்டு எட்டு மாதமும் ஓய்வூதியக் கணக்கில் சேரும்.

கணக்கு நோட்டு:
சான்றிதழில் எனக்கும் மறுப்பில்லை. மீதி 70,000 கையில் இருக்கட்டும் என்பேன். முதல் சம்பளம் வரும்வரை வீடு ஓட வேண்டும்.

பழைய ஊழியன்:
அதைத்தான் நானும் மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.