‘ப்ரொஃபைல்’ என்பதற்குக் கலைச்சொல்: சுயவிவரமா, தகுதித் திரட்டா?

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

மனிதவள மென்பொருளில் பணியாளருக்கும் வேலைக்கும் உருவாக்கப்படும் ‘ப்ரொஃபைல்’ என்னும் தகுதித் தொகுப்பைச் ‘சுயவிவரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், அது மக்களுக்குப் பழகிவிட்டது என்று நெய்வேலி நண்பர் சென்ற மடலில் எழுதியிருந்தார். பழகிய சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். முகநூலில் நம்மைப் பற்றி நாமே எழுதுகிறோம், ஆகவே அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதற்கு என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையில் இத்தகைய மென்பொருளை நிறுவியபோது, திரைகளைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘ஜாப் ப்ரொஃபைல்’ என்பதை ‘வேலைச் சுயவிவரம்’ என்று எழுதியவன் நானே. பாய்லர் ஆப்பரேட்டர் வேலைக்கான பக்கத்தை நிரப்பித் தருமாறு 22 ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த ஆப்பரேட்டரைக் கேட்டிருந்தார்கள். அவர் திரையில் ‘சுயவிவரம்’ என்று பார்த்தார். தம் விவரத்தைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, பாய்லர் இயக்குவதற்கான முதல் வகுப்புச் சான்றிதழ், 22 ஆண்டு அனுபவம், தமிழோடு தெலுங்கும் தெரியும் என ஒவ்வொன்றையும் கவனமாக நிரப்பிக் கொடுத்துவிட்டார். மென்பொருளோ அவற்றையெல்லாம் அந்த வேலைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதிகளாக எடுத்துக்கொண்டது. மறுநாள், இரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் அதே பாய்லரை இயக்கிவந்த இரண்டு பேரின் பெயருக்கு எதிரே ‘தகுதி இல்லை’ என்று சிவப்பில் வந்து நின்றது. அவர்களுள் ஒருவர் ஒன்றும் கேட்காமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நிரப்பியவர் மீது பிழையே இல்லை. சொல் சொன்னபடிதான் அவர் செய்தார்.

இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒரே அச்சில் இரண்டு தொகுப்புகள் உருவாகின்றன: ஒன்று, ஓர் ஆளிடம் இருக்கும் படிப்பு, சான்றிதழ், திறன், மொழி ஆகியவற்றைக் கூறுவது, மற்றொன்று, ஒரு வேலை அவற்றுள் எவற்றை, எந்த அளவில் வேண்டுகிறது என்று கூறுவது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் பதவி உயர்வுக்கு யார், பயிற்சிக்கு யார் என்று மென்பொருள் பட்டியல் தருகிறது. பீப்பிள்சாஃப்ட் என்னும் மனிதவள மென்பொருள் இவற்றை ஆளுக்குரியவை, ஆளுக்குரியன அல்லாதவை என்றே இரண்டாகப் பிரிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டின் மீதும் ஒன்றுபோல் உட்காரக்கூடிய ஒரே சொல். ஆளே இல்லாத ஒன்றுக்குச் ‘சுயம்’ எங்கிருந்து வரும்?

அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ‘பணிப்பதிவேடு’ என்பதை முன்வைத்திருந்தார்கள். நல்ல சொல்தான். ஆனால் நியமனம், ஊதிய உயர்வு, விடுப்பு, மாறுதல் ஆகியவை நாள்வாரியாக ஏறும் ஏட்டுக்கு அது ஏற்கெனவே உறுதிப்பட்ட பெயர். அதன் பொருளை நாம் கலைத்துவிடக் கூடாது.

‘விவரத் திரட்டு’ என்பது எனக்கு முதலில் பிடித்திருந்தது. பல இடத்தில் இருப்பவற்றைத் தேர்ந்து தலைப்புவாரியாகச் சேர்த்த தொகுப்பைத் ‘திரட்டு’ என்பது நம் பழைய வழக்கு. ஆனால் ‘விவரம்’ மிகவும் அகலமானது. முகவரியும் வங்கிக் கணக்கு எண்ணும் விவரங்களே, அவை பணியாளர் பதிவில் இருக்க வேண்டியவை, இந்தத் தொகுப்பில் அல்ல. எனவே ‘தகுதித் திரட்டு’ என்று முன்மொழிகிறேன்: பணியாளர் தகுதித் திரட்டு, பணிக்கான தகுதித் திரட்டு. வெளியூர் மாறுதலுக்கு விருப்பம் உண்டா என்பது போன்ற சில கூறுகள் தகுதிக்குள் அடங்கா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒப்பீடு நடப்பது தகுதிகளைக் கொண்டுதான் என்பதால், பெயரும் அதிலிருந்து பிறப்பதே சரி என்று கருதுகிறேன்.

அடுத்து, ‘ஜாப்’, ‘பொசிஷன்’ இரண்டையும் ‘பணி’ என்றே எழுதும் வழக்கம் நிற்க வேண்டும்; முன்னதைப் ‘பணி’ என்றும் பின்னதைப் ‘பணியிடம்’ என்றும் எழுதலாம். மேலே சொன்ன தொழிற்சாலையில் பாய்லர் ஆப்பரேட்டர் என்பது ஒரு பணி. மூன்று ஷிப்டுக்கு மூவர், ரிலீவர், அதாவது மாற்று ஆள், ஒருவர் என நான்கு பணியிடங்கள். ஒருவர் விலகினால் ஒரு பணியிடம் காலியாகும், பணி அப்படியே இருக்கும். எஸ்ஏபி மென்பொருளில் பணிக்கு ‘சி’, பணியிடத்துக்கு ‘எஸ்’, ஆளுக்கு ‘பி’ என்று தனித்தனிக் குறியீடே உண்டு. நம் ஆட்சேர்ப்பு அறிவிக்கைகளிலும் ‘காலிப் பணியிடங்கள்’ என்று காலங்காலமாக எழுதிவருகிறோம். கையில் இருப்பதைப் பயன்படுத்தினாலே போதும். பிரெஞ்சில் இந்த வகைக் குறிப்பை ‘ஃபீஷ் தெ போஸ்த்’ என்பார்கள், அதாவது பணியிடத்தின் குறிப்புச் சீட்டு, என்று புதுச்சேரித் தோழி எழுதியதும் இங்கே பொருத்தம்: அங்கும் பெயர் இடத்தைச் சுட்டுகிறதே அன்றி ஆளை அல்ல.

ஒரு தடை உண்டு. ‘பணியிடம்’ என்பது வேலை செய்யும் இடத்தையும் குறிக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைத் தமிழில் பேசும்போது அந்தப் பொருளில்தான் எழுதுகிறோம். அந்தச் சட்டப்படி அமையும் புகார்க் குழுவுக்கான திரை இதே மென்பொருளில் இருந்தால் குழப்பம் உறுதி. அங்கே மட்டும் ‘பணித்தலம்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. மாற்று இருந்தால் தெரிவியுங்கள்.

தகுதிக் கூறுகளைச் சேமித்து வைக்கும் பொதுத் தொகுப்புக்குக் ‘களஞ்சியம்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான செயலியின் பெயரே அதுவாக இருப்பதால் ‘கூறுத் தொகுப்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தொழிற்சாலைத் திரைகளை அடுத்த வாரம் திருத்துகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் ‘தகுதித் திரட்டு’ என்றே பதிகிறேன். ஒப்பீட்டில் குறைவாகத் தெரிவதை, ஒருவரைப் பார்த்துத் ‘தகுதி இல்லை’ என்று சொல்லாமல், ‘இன்னும் பெற வேண்டியவை’ என்று காட்டலாமா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து