சர்வர் லாகில் சின் ஃப்ளடிங் எச்சரிக்கை: தாக்குதலா, கூட்டமா?

வணக்கம். நண்பருடைய பலகாரக் கடையின் ஆர்டர் தளத்தை உபுண்டு 22.04 விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓட்டுகிறேன். செவ்வாய் மாலை கர்னல் லாகில் ஒரு வரி: "பாசிபிள் சின் ஃப்ளடிங் ஆன் போர்ட் 443. செண்டிங் குக்கீஸ்." அதாவது, தளத்தின் https போர்ட்டில் இணைப்பு கேட்கும் சின் பாக்கெட்டுகள் வரிசை தாங்காத அளவு குவிகின்றன; அதனால் கர்னல் அவற்றை வரிசையில் வைக்காமல், பதிலிலேயே ஒரு சோதனை எண்ணை (சின் குக்கீ) அனுப்புகிறது. உண்மையாக இணைய வருபவரிடமிருந்து அது திரும்பி வரும்.

ஃபயர்வால் தடுத்த வரிகள் தினமும் வருவதுதான். 22, 23 போர்ட்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஸ்கேனர்கள், விடுங்கள். இந்த சின் வரிதான் உறுத்துகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த எச்சரிக்கை ஒரு லிசனருக்கு (போர்ட்டில் இணைப்புக்காகக் காத்திருக்கும் சாக்கெட்) ஒரு முறைதான் அச்சாகும். அதனால் லாகை வைத்து அப்புறம் எத்தனை தடவை நடந்தது என்று சொல்ல முடியாது. என்ஸ்டாட் (கர்னலின் நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் கட்டளை) கவுண்டரில் பார்த்தேன்: அனுப்பிய சின் குக்கீகள் 9,200, சரியாகத் திரும்பி வந்தவை 3,100. லிசன் ஓவர்ஃப்ளோ (வரிசை நிரம்பி ஏற்க முடியாமல் போனவை) பூஜ்யம். முழுக்கத் தாக்குதல் என்றால் இவ்வளவுகூடத் திரும்பாதே? அதே மாலை ஏழு மணிக்குத்தான் கடையின் தள்ளுபடி எஸ்எம்எஸ்ஸும் போனது.

வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் பேக்லாக் (காத்திருக்கும் இணைப்பு வரிசையின் அளவு) இயல்பான 511தான். அதை 4096 ஆக்கினால் போதுமா, இல்லை முதலில் டிசிபிடம்ப் (வரும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் கருவி) எடுத்து ஐபிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா? இதே மாதிரி பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த எஸ்எம்எஸ் போகிறது.