அருங்காட்சியகத்துல துணி பார்க்கப் போறோம், எதைக் குறிச்சுக்கிட்டு வரணும்?

ஊசிமுனை:
அடுத்த வாரம் வகுப்போட சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் போறோம், ஆடை-துணிக் கூடத்துக்கு. ரெண்டு மணி நேரம்தான். வந்ததும் 6 பக்கம் ஸ்கெட்ச்புக், 30 செ.மீ. சதுரத்துல ஒரு துணி மாதிரி கொடுக்கணும். பூவை டிரேஸ் பண்ணி பிரிண்ட் போட்டா "மேலோட்டம்"னு மார்க்கைக் குறைச்சிடுவாங்களாம். கண்ணாடிக்குள்ள இருக்கிற துணியைத் தொடவும் முடியாது. அப்ப எதைத்தான் பார்க்கிறது? அண்ணா, அக்கா, யாராவது சொல்லுங்களேன்.

பாவும் ஊடையும்:
எல்லாத்தையும் பார்க்கணும்னு ஓடினா ஒண்ணும் தேறாது. 15 நிமிஷம் ஒரு சுத்து, அப்புறம் ரெண்டே துணி. பென்சில் போதும், பேனாவும் ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சத்துல சாயம் வெளுக்கும்னு துணிகளை மாத்தி மாத்தி வைப்பாங்க, அதனால நெட்ல பார்த்த துணி அங்க இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

பூவை விடுங்க, ஓரத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் நெய்த ஓரம் இருந்தா அதுதான் தறியோட முழு அகலம். நடுவுல தையல் ஓடினா ரெண்டு துண்டை இணைச்சிருக்காங்க.

காஞ்சிப் பட்டுன்னா உடலும் கரையும் சேர்ற கோடு. கோர்வையில, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால (குறுக்கு நூலால) நெய்து கோக்கிற முறையில, மூணு நாடா (ஊடையை இழுத்துக்கிட்டு ஓடுற கட்டை) ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் அந்தக் கோட்டுல ஒண்ணையொண்ணு கோத்துக்கும், நிறம் வெட்டின மாதிரி நிக்கும். ஒரே ஊடை ரெண்டுலயும் ஓடியிருந்தா கரை நிறம் லேசா மங்கும். அந்த ஒரு விரல் அகலத்தைப் பெரிசாக்கி வரைஞ்சாலே ஒரு பக்கம் ஆச்சு.

பாத்திக்னா (மெழுகு வெச்சுச் சாயம் போடுற துணி) ஒரே இலை ரெண்டு தடவை வர்ற இடத்தைத் தேடுங்க. செம்பு அச்சுல மெழுகு வெச்சதுன்னா அச்சோட கோணல் திரும்பத் திரும்ப அதே இடத்துல வரும். கையால வரைஞ்சதுன்னா புள்ளிகள் இடம் மாறும்.

அளவுநாடா:
மேல சொன்னதோட அளவையும் சேருங்க. துணி விரிச்சுத் தொங்கினா நேர் எதிரே நின்னு படம் எடுங்க. சாய்ச்சு எடுத்தா கணக்கு தப்பும். குறிப்புப் பலகையில அகலம் 106 செ.மீ.ன்னு இருந்து, படத்துல அது 2120 பிக்சல்னா, 1 செ.மீ.க்கு 20 பிக்சல். ஒரு பூ மறுபடி வர 240 பிக்சல்னா 12 செ.மீ. பொம்மைக்கு உடுத்தியிருந்தா இந்த வழி உதவாது. பலரும் சறுக்குறது இங்கதான்: 12 செ.மீ. அலங்காரத்தை 4 செ.மீ.க்குச் சுருக்கினா மெல்லிசுக் கோடெல்லாம் ஒட்டிப்போய் வேற டிசைனாயிடும்.

நிறத்தைப் போன்ல எடுக்காதீங்க. துணிக் கூடங்கள்ல வெளிச்சம் ரொம்பக் கம்மியா, 50 லக்ஸ் அளவுதான் வைப்பாங்க, கேமரா அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். தையல் நூல் ஷேட் கார்டைக் கொண்டுபோய், கண்ணால ஒப்பிட்டு எண்ணை எழுதுங்க. கறுப்புச் சட்டை போட்டா கண்ணாடியில உங்க பிம்பம் அவ்வளவா விழாது.

மஞ்சிட்டி:
மாதிரிக்கு நான் சொல்றது: சோழமண்டலக் கரைப் பூத்துணி மாட்டினா அதோட சிவப்பைச் செஞ்சு பாருங்க. அந்தத் துணிகள்ல படிகாரம் வரைஞ்ச இடம்தான் சிவப்பாகும். சாயத்தை நேரா தீட்டுறதில்ல.

35 செ.மீ. சதுர வெள்ளைப் பருத்தி சுமார் 15 கிராம் வரும். சலவைச் சோடாவுல ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு அலசுங்க. கஞ்சி போகலன்னா எல்லாம் திட்டுத்திட்டா வரும். கடுக்காய்ப் பொடி 3 கிராமைக் கொஞ்சம் கொழுப்புப் பால்ல கலந்து ஊறவைச்சு, அலசாம காயவைங்க. கடுக்காய் படிகாரத்தைப் பருத்தியில பிடிச்சு வைக்கும், பாலோட கொழுப்பு கோடு பரவாம தடுக்கும். 50 மி.லி. வெந்நீர்ல 5 கிராம் படிகாரம், கொஞ்சம் வேலம்பிசின் கலந்து பிரஷ்ல வரைஞ்சு, ஒரு நாள் காயட்டும். அப்புறம் நிறைய ஓடுற தண்ணியில அலசணும். இதுல சோம்பல்பட்டா மிச்சப் படிகாரம் பரவி, பின்னணியெல்லாம் சிவந்துடும்.

15 கிராம் மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தர்ற வேர்ப் பொடி), ஒரு லிட்டர் தண்ணி. துணியைப் போட்டு மெதுவா 70 டிகிரிக்கு ஏத்தி முக்கால் மணி நேரம். எப்படிச் செஞ்சாலும் பின்னணி கொஞ்சம் ரோஸாத்தான் வரும். பொடியெல்லாம் தேக்கா நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. சமைக்கிற பாத்திரத்தை மட்டும் இதுக்குத் தொடாதீங்க.

பழைய துணிகள்ல கறுப்புக் கோடு ஓடுற இடம் மட்டும் இத்துப்போய் ஓட்டை விழுந்திருக்கான்னு பாருங்க. கறுப்புக்கு வரையிற இரும்புக் கரைசல் காலப்போக்குல பருத்தியை அரிக்கும். அதைக் கண்டுபிடிச்சு வரைஞ்சா ஸ்கெட்ச்புக்குக்கு நல்ல பக்கம்.

ஊசிமுனை:
ரொம்ப நன்றி! சாயம் போட நாள் பத்தலன்னா டிஜிட்டல் பிரிண்ட் கூடவே கூடாதா?

அளவுநாடா:
தாராளமா போடலாம், பிரிண்ட் ஒண்ணும் பாவமில்ல. ஆனா பாலியெஸ்டர்ல போடாதீங்க, பருத்தியில போடுங்க. அளவை மாத்தாம போட்டு, பக்கத்துல அந்த 20 பிக்சல் கணக்கை ஒட்டுங்க. பின்பக்கம் வெளுத்திருக்கும்; அதையும் மடிச்சுக் காட்டி, மெழுகு வெச்சு முக்கின சாயம் ரெண்டு பக்கமும் ஏன் இறங்குதுன்னு ரெண்டு வரி எழுதுங்க.